பயிற்சித் திடலில் நம் பிள்ளைகள்

கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்துச் சாலைகளில் விடியற்காலையில் நடப்போர் ஒரு காட்சியைக் காணலாம். வடவள்ளி, பேரூர், தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் முதல் பேருந்துகளில் தோளில் பையும் கையில் மட்டையுமாகச் சிறுவர் சிறுமியர் இறங்குவர். நகராட்சித் தலைவராயிருந்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கிய இப்பகுதியில் உள்ள திடல்களிலும் பயிற்சி நிலையங்களிலும் அவர்கள் ஓடுவர், பந்தடிப்பர், வியர்வை சிந்துவர். பின்னர்ப் பள்ளிக்கு ஓடுவர். அவர்களுடைய பெற்றோரில் பலர் வாழைக்கும் தென்னைக்கும் நீர் பாய்ச்சும் விவசாயிகள். பால் கறந்து சங்கத்தில் ஊற்றிவிட்டுப் பிள்ளையைப் பேருந்தில் ஏற்றி அனுப்பியவர்கள்.

நகரத்துத் திடலுக்கு மட்டுமே உரிய காட்சியன்று இது. 2024ஆம் ஆண்டில் தமிழக அரசு 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் விளையாட்டு உபகரணங்கள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கபடிக்கும் கைப்பந்துக்கும் பெயர் பெற்ற நம் கொங்கு நாட்டுக் கிராமங்களில் மாலை வேளையில் திடல்கள் நிறைகின்றன. இது பெரிதும் வரவேற்கத்தக்கது. உடல் உறுதியும் கூட்டு மனப்பான்மையும் தோல்வியைத் தாங்கும் பண்பும் விளையாட்டால் வளர்கின்றன. ஆயினும், பந்தும் வலையும் வந்து சேர்ந்த இடத்தில், பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் பெரியவர் எவர், அவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும், தவறு நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்ற கேள்விகளுக்கும் விடை இருக்க வேண்டுமல்லவா? அவ்விடையைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒருவர் கையில் குவியும் அதிகாரம்

அந்தியூர்ச் சந்தைக்கு மாடு வாங்கச் செல்லும் விவசாயி பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், விற்பவர் எந்த ஊர் என்று விசாரிக்கிறார். அதே விவசாயி தம் பன்னிரண்டு வயது மகனையோ மகளையோ நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, “நல்லாச் சொல்லிக் கொடுப்பாராம்” என்ற ஒரு சொல்லோடு திருப்தியடைந்துவிடுகிறார். இதில் அவரைக் குறை கூறுவதற்கில்லை. குருவிடம் கேள்வி கேட்கலாகாது என்று நாம் பழகியிருக்கிறோம்.

ஆனால் விளையாட்டுப் பயிற்சியாளரின் நிலை மற்ற ஆசிரியர்களின் நிலையினின்றும் வேறுபட்டது. அணியில் யார் ஆடுவது என்று முடிவு செய்பவர் அவர். வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துச் செல்பவர் அவர். சான்றிதழுக்கு வழி செய்பவரும் அவரே. தமிழகத்தில் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. கல்லூரிகளிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் உண்டு. ஆகவே ஓர் ஏழைக் குடும்பத்தின் எதிர்காலமே அவர் கையெழுத்தில் தொங்குவதாகப் பிள்ளை நினைக்கிறது. பயிற்சியின் பொருட்டுப் பிள்ளையின் தோளையும் காலையும் தொட்டுத் திருத்தும் உரிமையும் அவருக்கு இருக்கிறது. இத்தனை அதிகாரமும் ஒருவரிடம் குவிந்து, மேற்பார்வை எதுவும் இல்லாதிருந்தால், நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் நல்லவர்களாயினும் எஞ்சிய ஒருவருக்கு அது வசதியாகிவிடும்.

நடந்தவை புகட்டும் பாடம்

இது வீண் அச்சமன்று. 1990ஆம் ஆண்டில் ஹரியானா மாநிலத்தில், டென்னிஸ் ஆடிவந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி, அம்மாநில டென்னிஸ் சங்கத்தின் தலைவராயிருந்த உயர் போலீஸ் அதிகாரி தன்னிடம் தகாத முறையில் நடந்ததாகப் புகார் செய்தாள். அதன் பின் பள்ளியிலிருந்து அவள் நீக்கப்பட்டாள். அவள் குடும்பம் பல இன்னல்களுக்கு ஆளாயிற்று. 1993இல் அச்சிறுமி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2009 டிசம்பரில். அத்தீர்ப்பை உச்சநீதிமன்றம் உறுதி செய்தது 2016இல். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வந்த முதல் தீர்ப்பைக் காண அச்சிறுமி இல்லை.

நம் மாநிலத்திலும் 2021 மே மாதத்தில், சென்னையில் பல ஆண்டுகளாகத் தடகளப் பயிற்சி அளித்துவந்த ஒருவர், அவரிடம் முன்பு பயின்ற பெண் ஒருவரின் புகாரின் பேரில் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் நம் கோயம்புத்தூரிலேயே பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஆசிரியர் ஒருவர் கைதானார். செய்தி தெரிந்தும் போலீசாருக்கு அறிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டின் பேரில் பள்ளியின் முதல்வரும் கைது செய்யப்பட்டார். அது விளையாட்டுத் திடலில் நிகழ்ந்ததன்று. எனினும் பொறுப்பில் இருப்போர் யாவரும் நினைவிற் கொள்ள வேண்டிய நிகழ்ச்சியாகும்.

மேலை நாடுகளும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராயிருந்த ஒருவருக்கு 2018 ஜனவரியில் 40 ஆண்டு முதல் 175 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவரால் பாதிக்கப்பட்ட 150க்கும் மேற்பட்ட பெண்கள் அந்நீதிமன்றத்தில் எழுந்து பேசினர். முதற் புகார்கள் 1990களிலேயே பெரியவர்களின் காதுக்கு எட்டியிருந்தன. “இவ்வளவு பேர் பெற்ற மருத்துவரா அப்படிச் செய்வார்?” என்று அவர்கள் அவற்றைத் தள்ளிவிட்டனர். இங்கிலாந்தில் ஒலிம்பிக் நீச்சல் பயிற்சியாளராயிருந்த ஒருவர் 1995இல் 17 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். அதனால் விழிப்புற்ற அந்நாடு, விளையாட்டில் குழந்தைகளின் பாதுகாப்பைக் கவனிப்பதற்கென்றே 2001இல் ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தியது.

இவ்வெல்லா நிகழ்ச்சிகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. குற்றஞ் சாட்டப்பட்டவர்கள் முகந்தெரியாத அந்நியர்கள் அல்லர், மரியாதைக்குரியவர்களாகக் கருதப்பட்டவர்களே.

என் அனுபவம் ஒன்று

2009ஆம் ஆண்டில் நான் வேறொரு மாவட்டத்தில் விரிவாக்க அலுவலராக இருந்தேன். ஒரு கிராமத்தில் இளைஞர் மன்றத்தின் கைப்பந்து அணி சிறப்பாக ஆடிவந்தது. அதன் பயிற்சியாளருக்குச் சுதந்திர தின விழாவில் நானே துண்டு போர்த்திப் பாராட்டிப் பேசினேன். சில வாரங்களில், அணியின் சிறந்த சிறுவன் ஒருவன் திடலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். “சோம்பேறியாகிவிட்டான்” என்றார் தந்தை. நானும் அவனைக் கூப்பிட்டு, “இப்படி நல்ல வாய்ப்பை விடலாமா தம்பி?” என்று புத்தி சொன்னேன். அவன் தலை குனிந்து நின்றான், ஒன்றும் சொல்லவில்லை.

பல மாதங்களுக்குப் பின்னரே செய்தி தெரிந்தது. பயிற்சி முடிந்த இரவுகளில் அவனைத் தனியே தம் வண்டியில் ஏற்றிச் சென்றிருக்கிறார் அந்த மனிதர். ஊர்ப் பெரியவர்கள் கூடி, “ஊர் மானம் போய்விடும், பையனுடைய பெயரும் கெடும்” என்று பேசி, அவரைச் சத்தமின்றி ஊரைவிட்டு அனுப்பிவிட்டனர். எனக்குத் தெரிந்தபோது அவர் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. எங்கே போனார்? வேறோர் ஊரில் வேறு பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்தார். பூச்சி விழுந்த பயிரைப் பிடுங்கிப் பக்கத்துக் காட்டில் எறிவதை எந்த விவசாயியும் செய்யமாட்டார். அன்று அவ்வூர் செய்தது அதுதான். அச்சிறுவன் தலை குனிந்து நின்றபோது நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த நினைவே.

தீங்கு நெருங்கும் விதம்

இத்தகைய தீங்கு பெரும்பாலும் திடீரென்று நிகழ்வதில்லை. களை முளைப்பது போல் சிறுகச் சிறுக வருகிறது. முதலில், தந்தையற்ற பிள்ளை, வறுமையுற்ற பிள்ளை, அன்புக்கு ஏங்கும் பிள்ளை என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பர். பிறகு காலணி, கைப்பேசி, தின்பண்டம் என்று பரிசு வரும். குடும்பத்தாருக்கும் உதவி செய்து நம்பிக்கையைப் பெறுவர். அடுத்து, “உனக்கு மட்டும் தனிப் பயிற்சி” என்று மற்றவர்களினின்றும் பிரிப்பர். இரவு நேரத்தில் கைப்பேசியில் செய்தி அனுப்புவர். “இதை வீட்டில் சொல்லாதே” என்ற சொல் வரும். இறுதியில், “சொன்னால் அணியில் இடமில்லை” என்ற மிரட்டல்.

ஆகவே பெற்றோர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உள. விருப்பத்துடன் சென்ற பிள்ளை திடீரெனப் போக மறுத்தல். காரணமின்றி அழுதல் அல்லது சினத்தல். உறக்கமும் உணவும் குறைதல். வாங்கித் தராத பொருள் கையிலிருத்தல். ஒருவர் பெயரைச் சொன்னவுடன் முகம் மாறுதல் ஆகியவை அவை. இவை இருந்தால் குற்றம் நடந்தே இருக்கும் என்பதன்று. பொறுமையாக விசாரிக்க வேண்டும் என்பதே பொருள். பெண் பிள்ளைகளுக்கு மட்டுமே ஆபத்து என்று எண்ணுவதும் தவறு. ஆண் பிள்ளைகள் வெட்கத்தினால் இன்னும் அதிகமாக மறைப்பர்.

அடியும் வசையும் பயிற்சியாகா

தீங்கு ஒரு வகையினது மட்டுமன்று. “அடித்தால்தான் ஆட்டம் வரும்” என்ற எண்ணம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. குச்சியால் அடித்தல், கொளுத்தும் வெயிலில் தண்ணீர் தராமல் ஓடவிடுதல், காலில் வலி என்று சொல்லும் பிள்ளையை நடிக்கிறாய் என்று ஆடவைத்தல், எடை குறைக்கப் பட்டினி போடுதல், உடலையோ குலத்தையோ சொல்லி இழிவுபடுத்துதல், இன்னதென்று சொல்லாமல் ஊசியோ மாத்திரையோ கொடுத்தல் ஆகிய யாவும் பிள்ளைகளுக்கு இழைக்கும் கொடுமையே. வளரும் எலும்புக்கு ஓய்வு வேண்டும். தாகத்தை அடக்குவதால் பலம் பெருகாது. வெப்பத்தால் மயக்கமும், சில வேளை உயிருக்கே ஆபத்தும் நேரும். பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கித் துன்புறுத்துவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றமாகும்.

சட்டம் கூறுவது

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. போக்சோ என்று மக்கள் வழங்குவது இதனையே. ஊராட்சி அங்கத்தினர்கள் இதில் அறிந்திருக்க வேண்டியவை பின்வருவன.

பதினெட்டு வயது நிரம்பாத ஆண், பெண் அனைவரும் இச்சட்டத்தின்படி குழந்தைகளே. அவர்கள் இசைந்தார்கள் என்ற வாதம் செல்லாது. நம்பிக்கைக்கும் அதிகாரத்துக்கும் உரிய இடத்தில் இருப்பவர் இக்குற்றத்தைச் செய்தால் தண்டனை கூடுதலாகும். குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமின்றி, நடக்கக்கூடும் என்று ஐயுறுபவரும் போலீசாருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். அறிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை அறிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்துடன் அறிவித்தவர் மீது வழக்கு எதுவும் தொடர இயலாது.

பிள்ளையைப் போலீஸ் நிலையத்துக்கு இழுக்க நேருமே என்று பலர் அஞ்சுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. பிள்ளையின் வீட்டிலோ அதற்கு விருப்பமான இடத்திலோ, சீருடை அணியாத போலீஸ் அதிகாரி, இயன்றவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, பெற்றோர் முன்னிலையில் வாக்குமூலம் பெற வேண்டும். இரவில் எக்காரணங்கொண்டும் பிள்ளையை நிலையத்தில் வைத்திருக்கலாகாது. பிள்ளையின் பெயரும் ஊரும் பத்திரிகையில் வரலாகாது.

மேலும், 2020ஆம் ஆண்டில் வெளியான விதிகள், பள்ளிகளைப் போலவே விளையாட்டுப் பயிற்சி நிலையங்களும் தம் ஊழியர் அனைவரையும் பற்றிப் போலீஸ் சரிபார்ப்பும் முன்வரலாற்று விசாரணையும் செய்ய வேண்டும் என்று விதிக்கின்றன. நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்ற வேறுபாடு இதில் இல்லை.

ஊராட்சி செய்யத்தக்கவை

இவற்றை நடைமுறைப்படுத்தப் பெருஞ்செலவு வேண்டியதில்லை; மன உறுதியே வேண்டும்.

1. ஊராட்சித் திடலில் பயிற்சி தருவோர் அனைவரின் பெயர், முகவரி, முன்பு பணிபுரிந்த இடம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுக. முன்பிருந்த ஊரில் விசாரியாமல் எவரையும் ஏற்க வேண்டாம். போலீஸ் சரிபார்ப்புச் சான்று பெறுக. சம்பளமின்றி உதவ வருபவருக்கும் இதுவே விதி.

2. பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் பிறர் பார்வைக்கு அப்பால் தனித்திருத்தல் கூடாது. பயிற்சி வேளையில் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும். பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் முறை வைத்துக்கொண்டு திடலில் அமர்ந்திருந்தால் அதுவே நல்ல காவல்.

3. உடலைத் தொட்டுத் திருத்த நேர்ந்தால், என்ன செய்யப்போகிறோம் என்று முன்னரே சொல்லி, பிள்ளையின் சம்மதம் பெற்று, எல்லோரும் காணத் திருத்துக. பிடித்துவிடுதல், மருந்து தடவுதல் முதலியன மூடிய அறையில் கூடா. உடை மாற்றும் இடத்துள் பயிற்சியாளர் நுழையலாகாது. அங்குக் கைப்பேசியும் கூடாது.

4. வெளியூர்ப் போட்டிக்குப் பெற்றோரின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். சிறுமியர் சென்றால் உடன் ஒரு பெண் பொறுப்பாளர் செல்ல வேண்டும். பயிற்சியாளர் பிள்ளைகளுடன் ஒரே அறையில் தங்கலாகாது. தனியே ஒரு பிள்ளையை வண்டியில் ஏற்றிச் செல்லலாகாது.

5. செய்திகள் யாவும் பெற்றோரும் உள்ள குழுவுக்கே அனுப்பப்பட வேண்டும். பிள்ளைக்குத் தனியே செய்தி அனுப்புதலும், தனிப்பட்ட பரிசளித்தலும் தவிர்க்கத்தக்கன.

6. அணித் தேர்வை ஒருவர் கையில் விடாது மூவர் குழுவிடம் ஒப்படைக்கவும். சொன்னால் இடம் போய்விடும் என்ற அச்சம் இதனால் பெரிதும் குறையும்.

7. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் திடலின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதுக. கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம் என்பதைப் பிள்ளைகளுக்கே நேரில் சொல்லுக.

கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு ஒவ்வோர் ஊராட்சியிலும் இருத்தல் வேண்டும். ஊராட்சியின் தலைமைப் பொறுப்பில் இருப்பவரே அதை நடத்துபவர். அக்குழு ஏட்டில் மட்டும் இருந்தால் பயனில்லை. திடலை நேரில் பார்வையிடுவதையும் தன் வேலையாக அது கொள்ளட்டும்.

பிள்ளை வாய் திறந்தால்

ஒரு பிள்ளை துணிந்து ஏதேனும் சொன்னால், முதலில் முழுவதும் கேளுங்கள். “நீ ஏன் போனாய்?”, “முன்பே ஏன் சொல்லவில்லை?” என்று கேட்காதீர்கள். “சொன்னது நல்லது, உன் மேல் தவறில்லை” என்று கூறுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்களிக்க வேண்டாம். உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன் என்று கூறுங்கள். துருவித் துருவி விசாரிப்பது அதிகாரிகளின் வேலை. அணிந்திருந்த உடையைத் துவைக்காமல் பத்திரப்படுத்துங்கள். குற்றஞ் சாட்டப்பட்டவரை அழைத்து மிரட்டவும் வேண்டாம்; அவருடன் சமரசம் பேசவும் வேண்டாம். உடனே 1098க்கோ காவல் நிலையத்துக்கோ அறிவியுங்கள். விசாரணை முடியும் வரை அவரைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வையுங்கள்.

ஊர்க் கூட்டத்தில் பேசி முடிக்கத்தக்க விஷயமன்று இது. வரப்புத் தகராறையும் வாய்க்கால் முறையையும் பெரியவர்கள் பேசித் தீர்க்கலாம். பிள்ளைக்கு இழைத்த குற்றத்தைப் பணம் வாங்கிக் கொடுத்தோ மன்னிப்புக் கேட்கச் செய்தோ தீர்க்க எவருக்கும் உரிமையில்லை. அவ்வாறு தீர்த்தவரே சட்டத்தின் முன் நிற்க நேரும்.

நல்ல பயிற்சியாளருக்கு ஒரு சொல்

“எங்களைச் சந்தேகிக்கிறீர்களா?” என்று சில பயிற்சியாளர்கள் என்னிடம் வருந்திக் கேட்டதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இது: பால் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறோம். அதனால் செயலாளரைத் திருடர் என்றா சொல்கிறோம்? தணிக்கை நேர்மையான செயலாளருக்குத்தான் பெருங்காவல். வீண் பழி வந்தால் ஏடே அவருக்குச் சாட்சி சொல்லும். அதுபோலவே, எல்லோரும் காணத் திறந்த திடலில் பயிற்சி தருபவர் மீது பொய்ப் பழி எளிதில் ஒட்டாது. கூலி எதிர்பாராது, சொந்தப் பணத்தில் பந்து வாங்கி, பிள்ளைகளை மாநில அணிவரை உயர்த்தியவர்கள் நம் கிராமங்களில் பலர் உண்டு. அவர்கள் பெயருக்கு மாசு வராமல் காப்பதும் இவ்விதிகளின் நோக்கமே.

வருகிற கிராம சபைக் கூட்டத்தின் பொருள் நிரலில் திடல் பாதுகாப்பு என்பதை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு ஊராட்சி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மேற்கண்ட ஏழு விதிகளையும் சபையில் படித்துத் தீர்மானமாக நிறைவேற்றி, திடலின் வாயிலில் எழுதி வையுங்கள். அன்று மாலை வீடு திரும்பும் பெற்றோர் தம் பிள்ளையிடம், “இன்று ஜெயித்தாயா?” என்று கேட்பதற்கு முன், “இன்று திடலில் சந்தோஷமாக இருந்தாயா?” என்று கேட்கட்டும். விடை சொல்லப் பிள்ளை தயங்கினால், அவசரப்படாமல் அருகில் அமர்ந்து காத்திருக்கட்டும்.